மாற்றிச் செருகிய ஒயர்

பின்மூடியின் நான்கு திருகுகளையும் கழற்றி, பெட்டியை விளக்குக்கு நேரே சாய்த்தவள் திருகுப்புளியைக் கீழே வைத்தாள்.

தோலுறை போட்ட சின்ன ரேடியோ. வயது அறுபதுக்குக் குறையாது. அதற்குள் யாரோ சமீபத்தில் வேலை பார்த்திருந்தார்கள். ஒயர் முனையை ஒன்றரைச் சுற்று சுற்றி, வாலை இடப்பக்கமாக மடக்கி, அதன்மேல் அரிசிமணி அளவுக்கு மட்டும் ஈயம் விட்டிருந்தது. கம்பிச்சுருளின் திருகுகள் அசையாமலிருக்க எல்லோரும் மெழுகு வைப்பார்கள். இதில் வெளிர்நீல நெயில் பாலிஷ் வைத்திருந்தது.

நெயில் பாலிஷ் வைக்கிற இடதுகைக்காரி ஒருத்தியைத்தான் அவளுக்குத் தெரியும். அவளுடைய தங்கை.

தங்கை வீட்டை விட்டுப் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. போன் நம்பர் செத்துவிட்டது. தெரிந்தவர்கள், தெரியாதவர்கள், ஆஸ்பத்திரி, போலீஸ் என்று தேடாத இடமில்லை. இருக்கிறாளா இல்லையா என்பதே தெரியாமல், ரோட்டில் யார் பின்னல் தெரிந்தாலும் ஓடிப்போய் முகம் பார்க்கிற நிலைக்கு அக்கா வந்திருந்தாள்.

பூதக்கண்ணாடியை எடுத்தாள். புதிதாக வைத்திருந்த கண்டென்சரின் உடம்பில் நான்கு இலக்கங்கள் இருந்தன. முதலிரண்டு அது செய்யப்பட்ட வருடம், அடுத்த இரண்டு வாரம். இந்த வருடம், ஒன்பதாவது வாரம். மூன்று தடவை படித்தாள். அப்படியானால் ஒன்பதாவது வாரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு நாளில் தங்கை ஒரு மேஜை முன்னால் உட்கார்ந்திருக்கிறாள். கை நடுங்காமல் இதைப் பற்றவைத்திருக்கிறாள்.

"என்னடி, பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க?" என்றாள் அம்மா, வாசற்படியில் நின்று.

"ஒண்ணுமில்லம்மா. புகை கண்ணுல பட்டுடுச்சு."

"புகையே வரல, கண்ணுல பட்டுச்சாம்."

அம்மாவிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால், தங்கை ஏன் போனாள் என்ற இடத்துக்குப் பேச்சு வந்து நிற்கும். 'ஏதோ வேலைத் தகராறு' என்பதோடு அம்மா நிறுத்திக்கொண்டிருந்தாள். அக்காவும் அதற்கு மேல் போகவில்லை.

*

பெட்டியைக் கொண்டுவந்து போட்ட பழஞ்சாமான் வியாபாரிக்குத் தொழிலில் கல்லுளி என்று பெயர். கல்லுளிமங்கனாவது எப்போதாவது வாய் திறப்பான். இவர் வாயிலிருந்து வார்த்தை தெருவுக்கே வராது என்பார்கள். எந்த வீட்டில், எந்த ஊரில் சரக்கு எடுத்தோம் என்பதை வியாபாரிகள் சொல்வதில்லை. ரிப்பேர் செய்கிறவர்கள் கேட்பதுமில்லை. அவள் அவருடைய கடைக்கே போய்க் கேட்டாள்.

"அண்ணே, இந்தப் பெட்டி எங்க எடுத்தீங்க?"

கல்லுளி சிரித்தார். "ஏம்மா, இருபது வருஷமா தொழில்ல இருக்க, இதைக் கேக்கலாமா? மீன் நல்லாருக்கான்னு மீன்காரிகிட்ட கேக்கலாம். எங்க வலை போட்டேன்னு கேக்கக்கூடாது."

"நீங்க சரக்கு எடுக்கற பக்கமே தலைவெச்சுப் படுக்க மாட்டேன்."

"இப்படித்தான் என் மச்சானும் சொன்னான். இப்ப எதிர்லயே கடை போட்டிருக்கான்."

"அது என் தங்கச்சி கை, அண்ணே."

"கைன்னா?"

"அவ பண்ண வேலை."

"ஈயத்துல பேரா எழுதியிருக்கு?"

"எனக்கு எழுதியிருக்கு."

கல்லுளி சிரிப்பை நிறுத்தினார். முடியாது என்று தலையாட்டினார். அவள் பைக்குள் கைவிட்டு ஒரு தகர டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். உள்ளே நூற்றுச்சொச்சம் பழைய காலத்து டிரான்சிஸ்டர்கள். இப்போது எந்தத் தொழிற்சாலையிலும் செய்வதில்லை. செத்த பெட்டிகளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கி, சோதித்து, இருபது வருடமாகச் சேர்த்தவை. இவை இல்லாமல் பழைய ரேடியோக்காரிக்கு வேலையே இல்லை. கல்லுளிக்கு அந்த டப்பாவின் மேல் எப்போதும் ஒரு கண்.

"பைத்தியமா உனக்கு? நாளைக்கு எதை வெச்சு வேலை பார்ப்ப?"

"நாளைன்னு ஒண்ணு வரட்டும், அப்ப பார்த்துக்கறேன்."

அவர் வேண்டாம் என்று சொல்வார் என அவள் மனதின் ஓரத்தில் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவர் டப்பாவை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்து, இடத்தைச் சொன்னார்.

பஸ்ஸில் நாலு மணி நேரம் தள்ளியிருக்கிற ஊர். பெரிய சலவைக்கடைக்குப் பின்சந்து. பெண்கள் தங்கும் விடுதி.

"ஒண்ணு சொல்றேன், மனசை விட்டுடாத," என்றார். "பெட்டி மட்டும் விக்கல அந்தப் பொண்ணு. சால்டரிங் அயர்ன், இடுக்கி, மீட்டர், எல்லாத்தையும் ஒரே மூட்டையா கட்டிக் குடுத்துச்சு. இனிமே எனக்கு வேண்டாம்னு சொல்லுச்சு."

"எப்ப?"

"பத்து நாள் இருக்கும்."

*

பஸ் ஜன்னலில் தலை மோத மோத அவள் அந்த ஒரு வாக்கியத்தையே மென்றுகொண்டு போனாள். இனிமே எனக்கு வேண்டாம். மனுஷி எப்போது தன் கருவிகளைக் கொடுத்துவிடுவாள்? தொழிலை விடும்போது. இன்னொன்றும் இருக்கிறது. அதை நினைக்காமலிருக்க எதிரே வந்த வண்டிகளின் நம்பர்களைக் கூட்டிப் பார்த்தாள். முதல் இரண்டு வண்டிகளுக்கு மேல் கூட்ட முடியவில்லை.

தங்கை வீட்டை விட்டுப் போன அன்றைக்கு நடந்தது இதுதான். ஒரு வாடிக்கைக்காரரின் அபூர்வமான பெட்டி. தங்கை அதற்கு மேஜைமேலிருந்த பவர் சப்ளையிலிருந்து மின்சாரம் கொடுத்தாள். பிளஸுக்குச் சிவப்பு, மைனஸுக்குக் கறுப்பு, சரியாகத்தான் மாட்டினாள். மாட்டிய நொடியில் சூடான வாடை வந்தது. நான்கு டிரான்சிஸ்டர்கள் செத்தன.

முந்தின நாள் அக்கா வேறொரு பெட்டியில் வேலை பார்த்திருந்தாள். அந்தக் காலத்துப் பெட்டிகள் சிலவற்றில் உடம்போடு, அதாவது உள்ளிருக்கும் உலோகச் சட்டத்தோடு, சேர்வது மைனஸ் அல்ல, பிளஸ். உடம்பு என்றால் கறுப்பு என்று கைக்குப் பழகிவிட்டதால், அவள் பவர் சப்ளையிலேயே ஒயர்களை மாற்றிச் செருகிவிடுவாள். வேலை முடிந்ததும் திருப்பிச் செருகுவாள். அந்த முறை திருப்பவில்லை; மறுநாள் தங்கை மாட்டிய பெட்டிக்குள் மின்சாரம் தலைகீழாகப் போனது.

வாடை வந்தபோது அவள் கண் முதலில் போனது பவர் சப்ளைக்குத்தான். சிவப்பு ஒயர் கறுப்பு ஓட்டையில் இருந்தது. பார்த்தாள். தங்கையின் கண் அந்தப் பக்கம் திரும்புவதற்குள் கத்தினாள்:

"நீ தொட்டது எது பிழைச்சிருக்கு?"

தங்கை பெற்ற குழந்தை ஏழு நாள்தான் உயிரோடு இருந்தது. அது போய் அப்போது இரண்டு வருடம்கூட ஆகியிருக்கவில்லை.

கொட்டின வார்த்தையை அள்ள முடியாது என்கிறார்கள். அவள் அள்ள முயற்சிகூடச் செய்யவில்லை. தங்கை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கும் சத்தம் கேட்டபோது அவள் செய்த ஒரே காரியம், இரண்டு ஒயர்களையும் பிடுங்கி ஒழுங்காகத் திருப்பிச் செருகியதுதான். கோபத்தில் சொன்னதை யாராவது மன்னிக்கலாம். ஆனால் அவளுக்கு அன்று கோபமே வரவில்லை. பயம்தான் வந்தது. கையும் களவுமாகப் பிடிபடுகிற பயம். பதினான்கு மாதமாக அவள் யாரிடமும் சொல்லாதது அதுதான்.

*

விடுதி வார்டன் பருத்த அம்மாள். இடுப்பில் சாவிக்கொத்து. துணிகளுக்கு நம்பர் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்தப் பொண்ணா? போன வியாழக்கிழமையே காலி பண்ணிடுச்சே. நீங்க யாரு?"

"அக்கா."

ஊசி நின்றது. "ரேடியோ ரிப்பேர் பண்ற அக்காவா?"

"ஆமாங்க."

"அப்ப சொல்ல மாட்டேன்."

"எங்கன்னு சொல்ல வேணாம். இருக்காளா? உயிரோட இருக்காளா?"

"ஐயையோ, விளக்கு வைக்கிற நேரத்துல என்ன பேச்சு இது! நேத்துகூட போன் பண்ணுச்சு. வேற வேலை கிடைச்சுப் போயிருக்கு. அக்கான்னு ஒருத்தி வந்தாலும் வருவா, அவகிட்ட மட்டும் இடத்தைச் சொல்லிடாதீங்கன்னு சத்தியம் வாங்கிட்டில்ல போச்சு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். இருக்கிறாள். உடம்பு முழுவதும் அந்த ஒரு சொல் ஓடிமுடிந்த பிறகுதான் மற்றது உறைத்தது. உலகத்தில் ஒருத்தியிடம் மட்டும் சொல்லக்கூடாது.

"உங்க காலைப் பிடிச்சுக்கறேன்."

"என் காலே ரெண்டு நாளா வீங்கியிருக்கு, நீங்க வேற. எழுந்திரிங்க." வார்டன் துணியை ஓரமாக வைத்தாள். "போன் போட்டுக் கேக்கறேன். அதுக்கு மேல என்னால ஆகாது. இங்கயே இருங்க, உள்ள வரக்கூடாது."

கதவு முழுக்கச் சாத்தவில்லை. உள்ளேயிருந்து வார்டனின் குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. "ஆமாம்மா... வந்திருக்காங்க... தனியாத்தான்... பார்த்தா பாவமாத்தான் இருக்கு... இல்ல, சொல்லல, சத்தியமா சொல்லல."

வார்டன் கையால் போனைப் பொத்திக்கொண்டு வெளியே வந்தாள். முகத்தில் குழப்பம்.

"ஒண்ணே ஒண்ணுதான் கேக்குது. அன்னிக்கு ஒயரை மாத்தி வெச்சது யாருன்னு. எனக்கு ஒரு மண்ணும் புரியல."

அவளுக்குப் புரிந்தது. படியிறங்கும்போதே தங்கைக்குத் தெரிந்திருக்கிறது, அல்லது அதற்குப் பிறகு ஏதோ ஒரு நாள், தனியாக, கணக்குப் போட்டுக் கண்டுபிடித்திருக்கிறாள். மறந்துவிட்டேன் என்று சொல்லலாம். பதற்றத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் ஒருவேளை இடம்கூடக் கிடைக்கும்.

"நான்தான்னு சொல்லுங்க," என்றாள். "கத்தறதுக்கு முன்னாடியே பார்த்துட்டேன். தெரிஞ்சுதான் கத்தினேன். அதையும் சொல்லுங்க."

வார்டன் அதை அப்படியே போனில் சொன்னாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளை பாடம் ஒப்பிப்பதுபோல. பிறகு காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். சலவைக்கடையின் இயந்திரம் ஒன்று சுற்றி நின்றது. இன்னொன்று சுற்றத் தொடங்கியது.

"வெச்சுடுச்சு."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. ரொம்ப நேரம் லைன்லயே இருந்துச்சு. மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் வெச்சுடுச்சு."

வார்டன் துணியை மடியில் இழுத்து, விட்ட இடத்தில் ஊசியைக் குத்தினாள். "உங்க ஊருக்குக் கடைசி பஸ் ஆறரைக்கு. இப்பவே கிளம்பினாத்தான் பிடிக்கலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. "காலியான அந்த ரூமுக்கு யாராவது வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.