ஒண்ணுமில்லடா கண்ணு

காப்பகத்தில் அதற்கு வீரன் என்று பெயர் வைத்திருந்தார்கள். கரண்டி கீழே விழுந்தாலே தரையை நனைத்துவிடுகிற நாய்க்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. நான் மாற்றவில்லை. என் கணவரையும் பெயரின் அர்த்தம் பார்த்தா கட்டிக்கொண்டேன்?

திங்கட்கிழமை காலை நாயை ஒப்படைத்தபோது காப்பகத்து அம்மாள் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"கையெழுத்துப் போட்டது நீங்க. ஞாயித்துக்கிழமை வருவேன். நீங்க கூப்பிட்டு அது வரணும், நீங்க கழுத்துல வாரை மாட்டணும். வரலைன்னா தப்பா நினைக்காதீங்க, கூட்டிட்டுப் போயிடுவேன். பயந்த நாய் ஒரே வீட்டுல பயந்துக்கிட்டே இருக்கக் கூடாது."

ஆறு நாளே அதிகம் என்று நினைத்தேன். ஆத்திரத்தில் இருப்பவர்களைச் சமாதானப்படுத்துவதுதான் என் பிழைப்பு. தண்ணீர் ஹீட்டர் விற்கும் கம்பெனி ஒன்றுக்காக, வீட்டிலிருந்தபடியே, காதில் ஹெட்போனுடன் நாளைக்கு அறுபது பேரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மேஜையில் சின்னதாக ஒரு கண்ணாடி ஒட்டியிருக்கும். சிரித்தபடி பேசினால் குரலில் தேன் வடியும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். சோப்பு நுரையோடு நின்றுகொண்டு பச்சைத் தண்ணீரைச் சபிப்பவர்களையே வழிக்குக் கொண்டுவந்த குரல் இது. ஒரு நாய் எம்மாத்திரம்?

அன்றைக்கே தடுப்பூசி. என் கணவர் லிஃப்ட் மெக்கானிக். பன்னிரண்டாவது மாடி உயரத்தில் கம்பியைப் பிடித்துத் தொங்குவார். டாக்டர் ஊசியை உறையிலிருந்து எடுத்ததும், காரைச் சரியாகப் பூட்டவில்லை என்று ஞாபகம் வந்து வெளியே போனார். இருபது நிமிடம் பூட்டினார்.

"கெட்டியாப் பிடிங்கம்மா. பேச்சுக் குடுத்துக்கிட்டே இருங்க" என்றார் டாக்டர்.

பிடித்தேன். பேச்சுக் கொடுக்க எனக்குச் சொல்லியா தரவேண்டும்? தேன் வடிய, "ஒண்ணுமில்லடா கண்ணு, ஒண்ணுமே இல்ல" என்றேன். முதல் ஊசி இறங்கியது. "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல." இரண்டாவதும் இறங்கியது. வீரன் கத்தவில்லை. தலையைத் திருப்பி என்னைப் பார்த்தான், அவ்வளவுதான்.

"ரெண்டு நாள் சோர்வா இருப்பான். சரியாச் சாப்பிட மாட்டான். ஊசி போட்ட இடம் லேசா வீங்கும். குளிப்பாட்டாதீங்க. முகம் வீங்கினாலோ வாந்தி நிக்கலைன்னாலோ உடனே போன் பண்ணுங்க. அடுத்த ஊசி மூணு வாரத்துல."

இரண்டு நாளில் சோர்வும் வீக்கமும் போயின. பயம் மட்டும் குடியேறிவிட்டது, வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த ஒன்றரைச் சாண் இடத்தில். கல்லைக் கண்டால் நாயைக் காணோம் என்பார்கள். எங்கள் வீட்டில் கல்லும் கிடையாது. இருந்தும் நாயைக் காணோம். வால் நுனி மட்டும் தெரியும். நான் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வேலைக்கு உட்கார்ந்த பிறகுதான் சாப்பாட்டுக் கிண்ணம் காலியாகும்.

நாத்தனார் வீடியோவில் வந்தாள். தொட்டி மீனைக்கூட ஒரு வாரம் முழுசாக உயிரோடு வைத்திருந்ததில்லை என்பதால் அவளுக்கு மிருகங்களைப் பற்றி எல்லாம் தெரியும்.

"அண்ணி, அதோட லெவலுக்கு இறங்கிப் போகணும். தரையில படுங்க. கண்ணைப் பாக்காதீங்க. அன்பாப் பேசுங்க."

"பேசிக்கிட்டுத்தான் இருக்கேன்."

"இன்னும் அன்பா."

படுத்தேன். மேஜைக் கண்ணாடியைப் பெயர்த்து எடுத்துவந்து தரையில் வைத்து, சிரிப்பு சரியாக இருக்கிறதா என்றும் பார்த்துக்கொண்டேன். "ஒண்ணுமில்லடா கண்ணு, வெளிய வா" என்றேன். மெஷின் ஓடாமலேயே அதிர்ந்தது. உள்ளே அவன் அப்படி நடுங்கினான்.

நாய் எதற்கு என்று ஆளாளுக்குக் கேட்டபோது காவலுக்கு என்று சொல்லியிருந்தேன். நல்ல பொய். மாலையில் ஹெட்போனைக் கழற்றி வைத்ததும் வீட்டில் ஒரு சத்தமின்மை இறங்கும். கணவர் வருவார். "என்ன?" என்பார். "ஒண்ணுமில்ல" என்பேன். "உங்களுக்கு?" என்பேன். "ஒண்ணுமில்ல" என்பார். பிறகு தட்டுகளின் சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மூச்சுவிடுகிற இன்னொரு உயிர் வேண்டியிருந்தது எனக்கு. அது சுவரோடு ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் ஃபிரிட்ஜைத் திறந்தேன். வீரனுக்காக உப்பில்லாமல் வேகவைத்திருந்த கோழியைக் காணோம். கணவர் மேஜையில் விரலைச் சப்பிக்கொண்டிருந்தார்.

"உப்பு போட மறந்துட்ட போல. பரவால்ல, மிளகுத்தூள் தூவிக்கிட்டேன்."

"அது நாய்க்கு வச்சது!"

"மேல எழுதி ஒட்டக்கூடாதா?"

"எதுக்கு எழுதணும்? எலும்பு எடுத்து, சின்னச் சின்னதாப் பிச்சு உங்களுக்கு நான் என்னைக்கு வச்சிருக்கேன்? அப்பவாவது சந்தேகம் வர வேணாம்?"

"வந்துச்சு. திடீர்னு பாசம் வந்துடுச்சோன்னு நினைச்சேன்."

"நாளைக்கு அந்தம்மா வந்து அவனைத் தூக்கிட்டுப் போகப்போறாங்க, நீங்க பாசத்தைத் தின்னுக்கிட்டு இருக்கீங்க!"

தொண்டை கிழியக் கத்தினேன். அப்போதுதான் கால் விரலில் ஈரமாக ஏதோ பட்டது. குனிந்தேன். வீரன். காதில் ஒட்டடை. வால் தாழ்ந்துதான் இருந்தது. ஆனால் வந்திருந்தான், கத்துகிறவளின் காலடிக்கு.

எனக்கு நெஞ்சு நிறைந்துபோயிற்று. உடனே தேனை எடுத்தேன். "ஒண்ணுமில்லடா கண்..."

நகங்கள் தரையில் வழுக்க, ஒரே ஓட்டம். மெஷினுக்குப் பின்னால்.

கணவர் மெதுவாகக் கையைத் துடைத்துக்கொண்டார். "அந்த ஆபீஸ் குரலை விடேன். எனக்கே அதைக் கேட்டா எதுவோ வரப்போகுதுன்னு தோணும்."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். சரிதானே. அந்தக் குரலில் நான் எப்போது பேசினாலும் பின்னாலேயே ஒரு ஊசி இருக்கும். "உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது" என்றால் ஹீட்டர் இன்னும் பத்து நாளைக்கு வராது. இரண்டு நிமிடத்தில் நாய்க்குப் புரிந்துவிட்டது. எனக்குப் பதினோரு வருஷ அனுபவம்.

ஞாயிறு காலை காப்பகத்து அம்மாள் வந்தார். அழைப்பு மணி அடித்ததுமே வீரன் வால் நுனியையும் உள்ளே இழுத்துக்கொண்டான்.

"கூப்பிடுங்க" என்று வாரை என் கையில் கொடுத்தார்.

சிரிப்பு தானாக வந்து முகத்தில் உட்கார்ந்தது. பழக்கதோஷம். அதை இறக்கி வைக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

"டேய்" என்றேன். என் குரல் எனக்கே கரகரவென்று அசிங்கமாகக் கேட்டது. "வெளிய வா. நீ வரலைன்னா இவங்க உன்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. எனக்கு அது பிடிக்கல. பயமா இருக்கு. வர்றதுன்னா இப்ப வா. இல்லைன்னா நான் அழுதுருவேன். அப்புறம் என்னைத் தேத்த இந்த வீட்டுல ஆள் கிடையாது."

காப்பகத்து அம்மாள் மேலே மின்விசிறியைப் பார்த்தார். கணவர் தண்ணீர்க் குழாயை ஆராய்ந்தார். கார்ப் பூட்டுக்கு அடுத்து அவருக்குக் குழாய்தான் அடைக்கலம்.

முதலில் மூக்கு. பிறகு ஒட்டடையோடு ஒரு காது. பாதி உடம்பு வெளியே, பாதி உள்ளே என்று நின்று யோசித்தான். பிறகு முழுசாக வந்து முன்னால் நின்றான். கொக்கி இரண்டு முறை தவறி, மூன்றாவதில் மாட்டியது. அவன் நடுங்கினான். ஆனால் நின்றான்.

"அடுத்த ஊசியை மறந்துடாதீங்க" என்று மட்டும் சொல்லி, அந்த அம்மாள் தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

"வலிக்கும்" என்றேன் வீரனிடம். "இப்பவே சொல்லிட்டேன்."

கதவைச் சாத்திவிட்டு வந்த கணவர் என் முகத்தைப் பார்த்தார். "என்ன, அழறியா? என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல" என்றேன்.

வார் இறுகியது. வீரன் மெஷின் பக்கம் பின்வாங்கிக்கொண்டிருந்தான்.

நாயை வைத்துக்கொண்டு இனி இந்த வீட்டில் ஒரு பொய் சொல்ல முடியாது போலிருக்கிறது.

"சரி, இருக்கு" என்றேன். "நிறைய இருக்கு. உட்காருங்க."

கணவர் வாசலைப் பார்த்தார். காரைப் பூட்டப் போவார் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.