இஞ்ஞாசியின் இரண்டு மணித்தியாலம்

பக்கத்து வீட்டு நாகமுத்து சவப்பெட்டியின் மூடியை இரண்டாம் முறையும் தூக்கினார். இஞ்ஞாசியின் மனைவி மரியாயி இரண்டாம் முறையும் அதைப் பிடித்து நிறுத்தினாள்.

"மூத்தவ மொகம் பாக்காம மூட விடமாட்டேன்."

"மணி நாலாச்சு மதினி. பங்குச் சாமியும் வந்துட்டாரு. இருட்டினா ஆமி செக்பொயின்ட்ல அவர விடமாட்டாங்க."

பெட்டிக்குள் இஞ்ஞாசி, இந்தச் சண்டைக்கும் தனக்கும் சம்பந்தமில்லை என்பதுபோல் கிடந்தார். தலைமாட்டில் ஈ விரட்டிக்கொண்டிருந்த இளைய மகள் டொறீனுக்கு ஒன்றுதான் விளங்கவில்லை. அக்கா ஏன் இன்னும் வரவில்லை?

வீட்டு வேலைக்கென்று மூத்தவள் ஜோசப்பின் கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய அன்று மணி ஆறு. தோஹாவில் இறங்கியபோது அங்கே எட்டு என்று கேசட்டில் பேசி அனுப்பியிருந்தாள். அவ்வளவு போதும் இஞ்ஞாசிக்கு. "தோஹா ரெண்டு மணித்தியாலந்தான். செக்பொயின்ட்ல எறங்கி ஏறி கண்டிக்குப் போறதுன்னா அதவிட நேரமாகும்" என்று பலாபத்வல முழுக்கச் சொல்லித் திரிந்தார். மகளை நினைத்து மரியாயி சோற்றுத் தட்டைத் தள்ளும்போதெல்லாம் அதையே சொல்வார். அவளும் இரண்டு வாய் தின்பாள். கேட்டுக் கேட்டு ஊரும் நம்பிவிட்டது.

அந்தக் கணக்கில்தான் அடக்கமும் வைத்தார்கள். அங்கே காலை ஏழு மணி விமானம். ஒன்பதுக்கு இறங்கிவிடுவாள். அடக்கம் நாலுக்கு.

டெலிபோன் கடை புஹாரி வியர்க்க வியர்க்க வந்தார்.

"மரியாயக்கா, மகள் கட்டுநாயக்காவிலேருந்து கோல் எடுத்திச்சு. மூணு மணிக்குத்தான் எறங்கினிச்சாம். வேன்ல ஏறிருச்சு. வந்து சேர ஏழாகும்."

"ஏழுலேருந்து மூணு, எட்டு மணித்தியாலம்!" என்றார் நாகமுத்து. "போறப்ப ரெண்டு, வர்றப்ப எட்டா? வர்ற வழி ஏத்தமோ?"

புஹாரி சிரிக்கவில்லை. "அங்க மணிக்கூடு நமக்கு மூணு மணித்தியாலம் பின்னுக்கு. போனாலும் அஞ்சுதான், வந்தாலும் அஞ்சுதான்."

டொறீன் விரலை மடக்கிப் பார்த்தாள். சரியாகத்தான் வந்தது. மறுபடி மடக்கினாள்.

"அப்ப, நேத்து வெள்ளன ஆறு மணிக்கு அப்பா போனப்ப, அங்க மணி மூணா?"

"ஓம் மகள்."

"அக்காவுக்கு ஆறு அடிக்கிறப்ப, நாம அப்பாவக் குளிப்பாட்டியே முடிச்சிட்டோம்."

புஹாரி தொப்பியைக் கழற்றித் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

"அண்ணனுக்கு இத நான் அன்னைக்கே சொன்னேன் அக்கா. 'அஞ்சுன்னு மரியாயிக்கிட்ட சொல்லிராத, அவளுக்கு ரெண்டே பெரிய தூரம்'னாரு."

எல்லோரும் பெட்டிக்குள் பார்த்தார்கள். இஞ்ஞாசி எதையும் மறுக்கவில்லை.

மரியாயி அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மூடியை விட்டுவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். சுவர் மணிக்கூட்டின் முள்ளை விரலால் பின்னுக்குத் தள்ளினாள். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று.

"மணி ஒண்ணுதான் ஆகுது சாமி. அடக்கம் நாலுக்குன்னு நீங்கதான கோயில்ல சொன்னீங்க?"

சாமி தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சுவரைப் பார்த்தார். வாசலுக்கு வெளியே வெயில் மஞ்சளாகிக்கொண்டிருந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றி அங்கியின் பைக்குள் போட்டுவிட்டு, சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"டொறீன், பிளேன்டீ இருந்தா ஒண்ணு கொண்டா மகள். சூடா வேணும்னு இல்ல. மெதுவாவே குடிக்கிறேன்."