கக்கூஸ் கதவும் பேராதனையும்

1.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் கதை எழுத உட்காரவில்லை. ஒரு மாணவர் மலருக்கு, ‘பொறியியல் படிக்க எந்தப் பல்கலைக்கழகம்?’ என்று இரண்டு பக்கக் கட்டுரை கேட்டிருந்தார்கள். பதுளை பஸ் நிலையத்துக்குப் பின்னால், போன், போட்டோகொப்பி, இன்டர்நெட் எல்லாம் உள்ள ஜுனைதீனின் கொம்யூனிகேஷன் கடையில் உட்கார்ந்து, தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பல்கலைக்கழக விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பவன் நான். ஆறு வருடமாக இதே வேலை. அட்டவணை போடத் தெரியும். போட்டேன். மொறட்டுவை, பேராதனை, காலியிலிருக்கும் ருகுணு, கிளிநொச்சியிலிருக்கும் யாழ்ப்பாணத்தின் பீடம், ஒலுவில். எங்கே என்ன துறை, விடுதி எப்படி, போன வருட வெட்டுப்புள்ளி என்ன, பதுளையிலிருந்து எத்தனை பஸ் மாற வேண்டும்.

பாதி எழுதியபோது தோட்டத்தில் வேலை செய்யும் வீரய்யா, மகள் துஷாந்தினியைக் கூட்டிக்கொண்டு கடைக்குள் வந்தார். கட்டுரை அத்தோடு செத்தது.

2.

கதையாகவாவது எழுதிப் பார்ப்போம் என்று தொடங்கினேன்.

‘பனி மூடிய நமுனுகுல மலையின் மடியில்—’

[அடித்துவிட்டேன். பனி மூடினால் கொழுந்து பறிப்பவளுக்குச் சளி பிடிக்கும். வேறொன்றும் நடக்காது.]

‘லயத்தில் பிறந்தாலும் நட்சத்திரங்களைத் தொட நினைத்த ஒரு சிறுமி—’

[இதையும். துஷாந்தினிக்கு இருபது வயது. நட்சத்திரத்தில் அவளுக்கு ஒரு அக்கறையும் இல்லை. அவளுக்கு வேண்டியது மண்.]

அவர்கள் குடியிருக்கும் லயத்துக்கு, தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருக்கும் மேடு போன மழையில் வெடிப்பு விட்டது. மண்சரிவு அபாயம் என்று ஒரு பலகை நட்டுவிட்டுப் போனார்கள். பலகையைப் பார்த்து மண் பயந்துவிடும் என்று நினைத்தார்களோ என்னவோ. பிறகு மூன்று பொறியியலாளர்கள் வந்து இரும்புக் குழாய் இறக்கி, ஆழத்து மண்ணை நீளத் துண்டாக எடுத்து, வெட்டி வெட்டிப் பார்த்தார்கள். தேத்தண்ணீர் கொண்டுபோன துஷாந்தினி மத்தியானம்வரை அங்கேயே நின்றாள். எங்கே படித்தீர்கள் என்று கேட்டாள். பேராதனை என்றார்கள். அதற்குப் பிறகு வேறு பெயர் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. உயர்தரப் பரீட்சையில், பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளியும் வந்துவிட்டது, போன வருட வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சம் மேலேயே.

எனவே பேராதனையை முதல் விருப்பமாகப் போட வேண்டும். ஒரு வரி. இதற்கு ஒரு கதை தேவையே இல்லை.

3.

வீரய்யா கொப்பித் தாள் ஒன்றை நீட்டினார். முதலாவது ருகுணு, அதாவது காலி. இரண்டாவது ஒலுவில். மூன்றாவது பேராதனை.

தலைகீழாக எழுதிவிட்டீர்களா என்று கேட்டேன். இல்லை, யோசித்துத்தான் எழுதினோம் என்றார். மேலே அதிகாரத்தில் இருப்பவனிடம் நமக்கு வேண்டியதை முதலில் காட்டக் கூடாதாம். காட்டினால் அதைத்தான் மறுப்பானாம்.

“தோட்டத்து ஆபீசுல பதினோரு வருசம் கூரைக்குத் தகரம் கேட்டேன் தம்பி. வரல. பன்னெண்டாவது வருசம் வெறுத்துப்போயி, கக்கூசுக்கு ஒரு கதவு குடுங்கன்னு எழுதிப் போட்டேன். தகரம் வந்துச்சு.”

“கதவு?”

“அது இன்னிக்கு வரைக்கும் வரல. சாக்குதான் தொங்குது.”*

கம்ப்யூட்டர் அப்படியில்லை, மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டு வரும், புள்ளி எங்கே போதுமோ அங்கேயே நின்றுவிடும், மூன்றாவது வரிக்கு வரவே வராது என்றேன். மூன்று தடவை சொன்னேன். படம் போட்டுக் காட்டினேன். மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

“மெஷினுக்குப் பகை இல்ல, சரி. மெஷினுக்குப் பின்னால ஒரு ஆள் உக்காந்திருப்பான்ல? இந்தப் புள்ளைக்கு எது வேணும்னு அவன் கண்ணுல படக் கூடாது.”

போட்டோகொப்பி மெஷினுக்குப் பின்னாலிருந்து ஜுனைதீன், “பின்னால நான்தான் இருக்கேன், எனக்குத் தெரிஞ்சி போச்சு” என்றார். வீரய்யா சிரிக்கவில்லை.

(* வீரய்யா பொய் சொல்லவில்லை. என் அப்பாவும் ஏழாம் நம்பர் தேயிலை மலையில் வேலை வேண்டுமென்றால், காலையில் ஆள் பிரிக்கும் பெரட்டில் கங்காணியிடம் பன்னிரண்டாம் நம்பரைத்தான் கேட்பார்.)

4.

வீரய்யாவை முட்டாளாக எழுதுவது சுலபம். அப்படி ஒரு பக்கம் எழுதவும் செய்தேன். கிழித்துவிட்டேன். முப்பது வருடம் ஒரே சோதனையைச் செய்து, ஒவ்வொரு முறையும் ஒரே விடை கண்ட மனிதர் அவர். இதையே ஆய்வுகூடத்தில் செய்திருந்தால் விதி என்று பாடப் புத்தகத்தில் போட்டிருப்பார்கள்.

எனக்குச் சந்தேகம் துஷாந்தினிமேல்தான். இணைந்த கணிதத்தில் ஏ எடுத்தவள், இதை எப்படிப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள்? வாசலுக்குக் கூப்பிட்டுக் கேட்டேன். இன்னும் இரண்டு நாளில் கடைசித் தேதி என்பதையும் சொன்னேன்.

“அப்பா சொல்றது தப்புன்னு தெரியும் அண்ணே. கணக்காவே போட்டுப் பாத்துட்டேன்” என்றாள். பஸ்ஸைப் பார்த்தாள். “ஆனா தகரம் வந்துச்சே.”

[இந்த இடத்தில் எனக்கு வந்த கோபத்தை நாலு விதமாக எழுதி நாலையும் அடித்தேன். அவள்மேல் கோபம் என்று எழுதினேன், பிறகு அவள் அப்பன்மேல் என்று. கேட்ட அன்றைக்கே அந்தக் கூரையைக் கொடுத்திருந்தால்— முடிக்க மாட்டேன். முடித்தால் திரும்பவும் கட்டுரையாகிவிடும்.]

5.

முடிவுகள் மூன்று கைவசம் இருக்கின்றன.

முதலாவது: அவர் சொன்னபடியே தட்டுகிறேன். காலி கிடைக்கிறது. காலியும் நல்ல இடம்தான், என் அட்டவணையே சொல்கிறது. அவள் பொறியியலாளராவாள். வீரய்யா லயமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்: “மூணாவதா ஒளிச்சி வச்சும் கண்டுபுடிச்சிட்டான் பாரு.”

இரண்டாவது: சொல்லாமல் கொள்ளாமல் நானே பேராதனையை மேலே ஏற்றிவிடுகிறேன். விண்ணப்பத்தில் பெயருக்குப் பதில் இருப்பது வெறும் எண்கள், அவருக்குத் தெரியப்போவதில்லை. பேராதனை கிடைக்கிறது. மூன்றாவதாகப் போட்டதால்தான் கிடைத்தது என்று அவர் சொல்ல, அடுத்த வருடம் பத்து அப்பன்கள் இதேபோல் தாளோடு என் முன்னால் நிற்பார்கள்.

மூன்றாவது: துஷாந்தினி உள்ளே வருகிறாள். அப்பா கையிலிருந்த தாளை வாங்கித் திருப்பி, வெறும் பக்கத்தில் முதல் வரியில் பேராதனை என்று எழுதுகிறாள். “எனக்கு இதுதாம்பா வேணும்” என்கிறாள், ஜுனைதீனுக்கும் கேட்கிற சத்தத்தில். அவர் அந்தத் தாளைப் பார்க்கிறார். கிடைக்குமா என்பது வேறு விஷயம். அந்த லயத்திலிருந்து ஒரு ஆள் வேண்டியதை வேண்டும் என்று கேட்டிருப்பாள்.

6.

இருவரும் இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறார்கள். முதல் விருப்பத்துக்கான கட்டம் வெறுமையாகத் துடிக்கிறது. இதற்குமேல் என்ன நடந்தது என்று நான் எழுதப் போவதில்லை. மூன்றில் ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டியது வாசிக்கிற நீங்கள்.

ஒன்று மட்டும் கவனித்திருப்பீர்கள். எனக்கு வேண்டிய முடிவை நான் எங்கே வைத்தேன் என்று. வேண்டுமென்று செய்யவில்லை. நானும் லயத்தில் பிறந்தவன், கை தானாக அங்கே போய்விட்டது. எழுதி முடித்துப் படித்தபோதுதான் பார்த்தேன். வீரய்யாவிடம் மூன்று தடவை படம் போட்டுக் காட்டியவன் நான்.

திருத்தி எழுதுகிறேன்.

முதல் விருப்பம்: மூன்றாவது முடிவு.

இரண்டாவது விருப்பம் என்று எதுவும் இல்லை.