குளவி கட்டிய கூடு

கயிற்றை இழுத்து இழுத்துச் சிவசங்கருக்குத் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. புல்வெட்டும் மெஷின் இரண்டு தடவை இருமிவிட்டு, வீம்பு பிடித்த மாடு மாதிரி படுத்துக்கொண்டது.

மாலை பஸ்ஸில் மணிமொழி எலவனாசூர்கோட்டைக்கு, அம்மா வீட்டுக்குப் போகிறாள். போவதற்கு முன் புருஷனிடம் அவள் கேட்டது ஒன்றுதான்: "புள்ளைய வெச்ச எடத்தக் காட்டுங்க."

பிறந்து இரண்டே நாளில் போன பெண் குழந்தை. புதைக்கிற இடத்துக்குப் பெண்கள் வரக்கூடாதென்று அவளைத் தடுத்துவிட்டார்கள். கரும்புக்கொல்லை ஓரத்தில் அடையாளக் கல் நட்டவன் சிவசங்கர்தான். அடைமழையில் புல் இடுப்புயரம் மண்டி, இப்போது கல்லும் தெரியவில்லை, இடமும் தெரியவில்லை. பெற்றவனுக்கே தெரியாவிட்டால் அதைவிடக் கேவலம் உண்டா? அரிவாளால் அறுத்தால் பொழுது போதாது.

பிளக்கைக் கழற்றித் துடைத்தான். பொறி நன்றாகவே வந்தது. பழைய பெட்ரோலைக் கொட்டிவிட்டு, கச்சிராயபாளையத்தில் வாங்கிவந்ததை ஊற்றினான். ஃபில்டரைத் தட்டினான், கார்புரேட்டரை ஊதினான். மறுபடியும் இருமல்தான்.

"சைலன்சரப் பாத்தீங்களா?" வாசலிலிருந்து மணிமொழி கேட்டாள்.

பார்க்கவில்லை. வலிக்கிற இடத்தை விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் தைலம் தேய்த்த கதைதான். அவள் மாசமாவதற்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் புகைக்குழாய் வாயில் குளவி மண்கூடு கட்டியது. குளவி கூடு கட்டினால் வீட்டில் குழந்தை பிறக்கும் என்பார்கள். கோயில் கோயிலாக அலைந்தவள், மெஷின்மேல் சாக்கைப் போர்த்தி, யாரும் தொடக்கூடாது என்றுவிட்டாள். இன்றுவரை அவனும் அந்தக் கூட்டைத் தொடவில்லை.

"வேணாம் மணி. அருவாளாலயே அறுத்துக்கினு இருக்கேன், ஆனவரைக்கும் ஆவட்டும்."

"ஒடைக்க வேணாம்னது நான்தான? நானே எடுக்கறேன், குடுங்க."

திருப்புளியை வாங்கி மெல்லப் பெயர்த்தாள். மண்கட்டி கையில் விழுந்தது. அதன் ஒரு பக்கம் சின்னத் துவாரம், உள்ளே ஒன்றுமில்லை.

"குஞ்சு எப்பவோ பறந்துபோயிடுச்சிங்க."

கயிற்றை இழுத்தான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கொல்லை ஓரத்துப் புல்லை வெட்டிக்கொண்டே போக, வெயில் சாய்வதற்குள் கல் தெரிந்தது. எஞ்சினை நிறுத்தினான். கூடவே வந்திருந்த மணிமொழி கல்லருகே உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த கூட்டை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"குளவி பொய் சொல்லலீங்க. நம்ம வூட்ல புள்ள பொறந்துச்சி இல்ல?"

ஊரே வந்து துக்கம் கேட்டது. எல்லோரும் செத்ததைத்தான் பேசினார்கள். பிறந்ததை ஒருவர்கூடச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை.

"பொறந்துச்சி மணி," என்றான்.