நாலாம் பிறைக் கட்டம்

வானியலை நான் தேர்ந்தெடுக்கவில்லை. அது என் தலையில் வந்து விழுந்தது. கடைசி ஆண்டில் வேறு துறைப் பாடம் ஒன்றைப் படித்தே ஆக வேண்டும் என்பது எங்கள் கல்லூரி விதி. புகைப்படக்கலை, பேக்கரி என்று உருப்படியானதையெல்லாம் விடுதிப் பிள்ளைகள் நல்ல வைஃபையில் உட்கார்ந்து பிடித்துக்கொண்டார்கள். நான் அந்த நேரத்தில் பொள்ளாச்சி பஸ் ஸ்டாண்டில் சிக்னல் தேடிக்கொண்டிருந்தேன். பி.காம். படிக்கும் எனக்கு மிஞ்சியது ‘வானியல் அறிமுகம்’.

எனக்கு வேண்டியிருந்தது நட்சத்திரம் இல்லை, தூக்கம். வீடு உடுமலைப்பேட்டையில், கல்லூரி சரவணம்பட்டியில். விடியுமுன் கிளம்பி இருட்டிய பிறகு வீடு சேர்வதுதான் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து என் பிழைப்பு. ஹாஸ்டல் என்ற சொல்லே அப்பாவுக்கு ஆகாது. வேலை கிடைத்தால் அங்கேயே தங்கிக்கொள்ளலாம் என்று மட்டும் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். சரவணம்பட்டியிலேயே ஒரு கம்பெனியில் வேலையும் கிடைத்தது. ஆனால் எந்தப் பாடத்திலும் அரியர் இருக்கக் கூடாது, இருந்தால் வேலை போச்சு என்றார்கள். ஆக, எனக்கும் ஒரு கட்டிலுக்கும் நடுவே நின்றது இந்த வானியல்தான்.

பாடம் எடுத்த சாய்ப்ரியா மேடம், தேர்வைவிட ஒரு சார்ட்டுக்குத்தான் அதிக மதிப்பெண் வைத்திருந்தார். தை அமாவாசைக்கு மறுநாளிலிருந்து மாசி அமாவாசை வரை தினமும் நிலாவைப் பார்க்க வேண்டும். நாளுக்கு ஒரு கட்டம். அதில் நிலா எப்படித் தெரிந்ததோ அப்படியே வரைய வேண்டும். மேகம் மறைத்தால் மேகம் என்று எழுதலாம். பார்க்காமல் வரைந்தால் பூஜ்யம்.

விடுதிப் பிள்ளைகளுக்கு மொட்டைமாடி இருந்தது. எனக்கு பஸ். உக்கடத்தில் கிளம்பிய பஸ் தெற்கே போகையில் சாயங்கால வெயில் முழுக்க வலது பக்கச் சன்னலில் அடிக்கும். அந்தப் பக்கம் உட்கார ஆளிருக்காது. பிறையும் அதே பக்கம்தான் தெரியும் என்பதால் நான் போய் வேகுவேன். கிணத்துக்கடவு வரும்போது வெயில் இறங்கி, பிறை துலங்கும். தூங்கித் தொலைக்காமல் இருக்க முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டு பார்த்தேன். நிலா உச்சிக்கு ஏறிய பிறகு உடுமலையில் இறங்கி அண்ணாந்து பார்த்தேன். தேய்பிறையில் காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்த்தேன். கண்டக்டர்கூட, ஆகாசத்தில் என்ன அம்மணி தொலைத்தாய் என்று கேட்டுவிட்டார்.

ஒரே ஒரு நாள் பார்க்கவில்லை. அன்று நாலாம் பிறை. மூன்றாம் பிறை பார்த்தால் நல்லது, நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்பது அம்மாவின் சட்டம். கல்யாணமான புதிதில் தெரியாமல் பார்த்துவிட்டு, எடுக்காத தோட்டுக்குத் திருடி என்று பேர் வாங்கினாளாம். வீண் பழி வரும், பார்க்காதே என்று போனில் சொன்னாள். எனக்கு நம்பிக்கை பாதி, எதற்கு வம்பு என்பது மீதி. ஷட்டரை இறக்கிவிட்டுப் பொள்ளாச்சி வரை தூங்கினேன். அந்த மாதத்திலேயே நல்ல தூக்கம் அதுதான். நாலாம் கட்டத்தில் ‘பார்க்கவில்லை’ என்று எழுதி வைத்தேன்.

சார்ட்டைக் கொடுப்பதற்கு முந்தைய நாள், கேன்டீனில் என் வகுப்புத் தோழி லாஸ்யா அதைப் பார்த்துச் சிரித்தாள். உன் நிலா ஏன் படுத்துக் கிடக்கிறது, பஸ்ஸில் அதுவும் தூங்கிவிட்டதா என்றாள். அவளுடைய பிறை நிமிர்ந்து நின்றது. அவளோடு இருந்தவர்கள் சார்ட்டிலும் நின்றது. போனில் ஒரு நிலாப் படத்தை எடுத்துக் காட்டினாள், அதிலும் நின்றது.

நான் யோசித்தேன். பஸ்ஸில் என் தலை எந்நேரமும் சன்னல் கம்பியில் சாய்ந்துதான் கிடக்கும். தலையைச் சாய்த்துப் பார்த்தால் நிலாவும் சாய்ந்துதானே தெரியும்? உடுமலையில் நேராக நின்று பார்த்தபோதும் அரைத் தூக்கம்தான். சரி, தப்பு என் கண்ணில்தான் என்று முடிவுசெய்து, அங்கேயே உட்கார்ந்து பிறைகளை எல்லாம் அழித்து நிமிர்த்தி வைத்தேன். நாலாம் கட்டத்தை மட்டும் தொடவில்லை.

அடுத்த வாரம் மேடம் வகுப்புக்கு வந்து, மொத்த வகுப்புக்கும் பூஜ்யம் என்றார். நம் ஊரில் தை, மாசி மாதங்களில் சாயங்காலப் பிறை தோணி மாதிரி படுத்துத்தான் தெரியும். நிமிர்ந்து நிற்பது வடக்கே தூர தேசத்து நிலா. நீங்கள் யாரும் வானத்தைப் பார்க்கவில்லை, போனைப் பார்த்தீர்கள் என்றார். பார்த்தவளும் நான்தான், பார்த்ததை அழித்தவளும் நான்தான். என் மேலேயே கோபம் வந்தது. அழலாம் என்றால் அதற்குத் தெம்பில்லை.

வகுப்பு முடிந்து மேடத்தின் அறைக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன். எனக்கே அது நம்புகிற மாதிரி இல்லை. மேடம் என் சார்ட்டைத் தேடி எடுத்தார். சலிப்போடு பார்த்தவர் நாலாம் கட்டத்தில் விரலை வைத்தார்.

“மேகம்னு எழுதாம, பார்க்கலைன்னு எழுதியிருக்க. ஏன்?”

“அது நாலாம் பிறைங் மேடம். அம்மா பாக்கக் கூடாதுன்னு சொல்லிப்போட்டாங்க. ஷட்டரை இறக்கி உட்டுட்டேனுங்க.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. தெலுங்கு பேசும் அவர் வீட்டிலும் சவிதி என்று அவர்கள் சொல்லும் விநாயகர் சதுர்த்தி அன்று நிலா கண்ணில் படக்கூடாது என்று சன்னலை எல்லாம் சாத்துவார்களாம். சார்ட்டை மேசைமேல் வைத்தார்.

“போனப் பாத்து வரையறவளுக்கு நாலாம் பிறை என்ன, அஞ்சாம் பிறை என்ன கண்ணு? நிலா வந்துருமோன்னு ஷட்டரைச் சாத்துனவ, மத்த நாளெல்லாம் பாத்திருக்கோணும்.”

ஒரு தாளைக் கொடுத்து மூன்றாம் பிறையை வரையச் சொன்னார். யோசிக்காமல் வரைந்தேன். அது படுத்தே வந்தது. அழித்ததையெல்லாம் திரும்ப வரைந்துவரச் சொன்னார். ஆனால் காலிக் கட்டத்தோடு வாங்கிக்கொள்ள மாட்டாராம். மேகம் என்றால் விட்டுவிடலாம், அம்மா மேகத்தில் சேராது என்றார். பங்குனியில் நாலாம் பிறையைப் பார்த்து வரைந்து கொடுத்தால் பாஸ், இல்லையென்றால் அரியர்.

பங்குனி அமாவாசை கழிந்து அந்த நாளும் வந்தது. வலது பக்கச் சன்னல், அதே வெயில். கிணத்துக்கடவு தாண்டியதும் போன் அடித்தது. அம்மா.

“கண்ணு, இன்னைக்கு நாலாம் பிறை. மறந்து வெளிய பாத்துப்போடாத. வீண் பழி வந்துரும்.”

“சரிங்மா” என்றேன்.

ஷட்டர் மேலேதான் இருந்தது. இந்த முறை கம்பியில் சாயாமல் நிமிர்ந்து உட்கார்ந்து பார்த்தேன். பனைமரங்களுக்கு மேலே அது மல்லாந்து படுத்திருந்தது. எனக்குப் பயம் வரவில்லை, பொறாமைதான் வந்தது. இவ்வளவு பெரிய வானத்தில் அதற்குப் படுக்க இடம் கிடைத்திருக்கிறது. சார்ட்டை மடியில் விரித்து, பஸ்ஸின் குலுக்கலோடு குலுக்கலாக அந்தக் கட்டத்தில் வரைந்தேன்.

அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு மாதத்துக்குச் சாமி கும்பிட வைப்பாள். அதுவுமில்லாமல், பார்க்கவில்லை என்ற பழிதான் முன்கூட்டியே வந்து போய்விட்டதே. பார்க்க வேண்டியது மட்டும்தான் பாக்கி இருந்தது.