இடுப்பில் கட்டிய பெட்டி

எங்கள் வீட்டுக்காரருக்கு நுரையீரல் பாழாகி மூன்று வருடமாகிறது. வெல்டிங் பட்டறைப் புகை, அது போதாதென்று சிகரெட். இரண்டில் எதை அதிகம் திட்டுவது என்று எனக்கே தெரியவில்லை. பட்டறைக்குத் திரும்பிப் போயே தீருவேன், உட்கார்ந்தபடி மேற்பார்வை பார்த்தாலும் போதும் என்று ஒற்றைக்காலில் நின்றார். டாக்டர் பிடி கொடுக்கவில்லை. ஒரு வாரம் இந்தக் கருவியை இடுப்பில் கட்டிக்கொள்ளுங்கள், எவ்வளவு நடமாடுகிறீர்கள் என்று அதுவே சொல்லட்டும், அப்புறம் பேசலாம் என்றார்.

தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி, பட்டையில் கோத்தது. கட்டிய நிமிடத்திலிருந்து மனிதர் பரீட்சைக்குப் போகிற பிள்ளையாகிவிட்டார். வாசலுக்கும் சமையலறைக்கும் ஓயாத நடை. நடுவில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார்; நான் பார்த்துவிட்டால் காலண்டரில் தேதி பார்ப்பதாகப் பாவனை. பெட்டிக்கே கால் வலிக்கப் போகிறது என்று கேலி செய்தேன். சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

நான் தையல் கம்பெனியில் துணி சோதிக்கிறவள். காலை ஷிப்டு. தன் இருமலால் என் தூக்கம் கெடுகிறது என்று சில மாதம் முன்பு அவரே என்னைப் பக்கத்து அறையில் படுக்கச் சொன்னார். இந்த மனிதருக்கும் இப்படி ஒரு மனசா என்று எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

வாரம் முடிந்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். பிசியோதெரபி பெண் பெட்டியைக் கம்ப்யூட்டரில் சொருகினாள். நடை பரவாயில்லை என்றதும் இவர் முகம் மலர்ந்தது. பிறகு அவள் திரையை என் பக்கம் திருப்பினாள். நடப்பது, நிற்பது, உட்காருவது, படுப்பது, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறமாம். படுப்பதற்கு நீலம். அந்த வாரம் முழுவதிலும் நீலமே இல்லை.

கழற்றி வைத்திருப்பார் என்றேன். இல்லை, உடம்பில்தான் இருந்தது, விடிய விடிய உட்கார்ந்திருக்கிறார் என்றாள். பெட்டி பழுது என்று சண்டைக்கே போய்விட்டேன். தினமும் காலையில் கசங்கிக் கிடந்த அவருடைய விரிப்பை உதறி மடித்தவள் நானல்லவா?

அவர் தன் சட்டைப் பொத்தானையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் கசக்கிப் போட்டேன். படுத்தா மூச்சு நின்னுடும் போல இருக்கு. அது ஆரம்பிச்ச அன்னிக்குத்தான் உன்ன அந்த ரூமுக்குப் போகச் சொன்னேன்."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பட்டறைக்கு விட்டிருப்பியா?"

துணியில் ஒரு இழை விட்டிருந்தாலும் கண்டுபிடிக்கிறவள் நான். கூடவே இருந்தவரை விட்டுவிட்டேன். அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அந்தப் பெண் முன்னாலேயே அழுதேன்.

டாக்டர் பட்டறைப் பேச்சையே எடுக்கவில்லை. வீட்டில் வைக்க ஆக்சிஜன் மெஷினுக்கு எழுதிக் கொடுத்தார். இனி இது குணமாகாது, மேலும் கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார். வெளியே வந்தபோது பிசியோதெரபி பெண், இன்னும் ஒரு வாரம் கட்டிப் பார்க்கலாமா என்று கேட்டாள். இவர் சட்டையைத் தூக்கி இடுப்பைக் காட்டிக்கொண்டு நின்றார்.

"வேணாம்மா. இனிமே நானே பாத்துக்கறேன்" என்றேன். பார்த்துக்கொண்டிருக்க மட்டும்தான் முடியும் என்பது அதற்குள் எனக்கும் தெரிந்திருந்தது.