இரண்டு ஸ்டியரிங் வைத்த கார்

...கேட்டுவிட்டுச் செய்திருக்கலாம் அல்லவா, ஒரே ஒரு வார்த்தை, மாமா இதில் ஒன்றை எடுத்துவிடட்டுமா என்று, கேட்டால் வாய் தேய்ந்தா போகும், ஆபீசில் இருந்துகொண்டே பெண்டாட்டியிடம் மணிக்கணக்காகப் போனில் பேசுகிற மனிதர்தானே, என்னிடம் பேசத்தான் காசா, மாப்பிள்ளை என்றால் தலைமேல் தூக்கி வைத்துக்கொள்ள வேண்டும், சரி, வைத்துக்கொள்கிறேன், மகளைக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து கழுத்து வலிக்க வைத்துக்கொண்டுதானே இருக்கிறேன், அதற்காக என் காரிலா கை வைப்பது? எவ்வளவு பெரிய கார் என்று நினைத்துவிடப் போகிறீர்கள், இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினால் அதற்குள் உட்கார்ந்துவிடும், பிளாஸ்டிக் கார், அசலில் இருபத்துநாலில் ஒரு பங்கு என்று பெட்டியில் போட்டிருக்கும், பாகமெல்லாம் ஒரு சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும், நாம்தான் ஒவ்வொன்றாக நறுக்கி எடுத்துத் தேய்த்து ஒட்டி வண்டியாக்க வேண்டும். போன மாதம் அலமாரியை நகர்த்தும்போது விழுந்து கூரை உடைந்துவிட்டது. என் கை இப்போதெல்லாம் மூட்டை தூக்கி நடுங்குகிறது, மாப்பிள்ளைக்கும் இதே பைத்தியம் உண்டு, நான் சரி பண்ணித் தர்றேன் மாமா என்றார், கொடுத்தேன். கூரையை ஒட்டச் சொன்னேனா, ஸ்டியரிங்கைப் பிடுங்கச் சொன்னேனா?

வேலை சுத்தம்தான், இல்லை என்று நான் சொல்லவில்லை, வாய் கூசாமல் பொய் சொல்ல எனக்குத் தெரியாது. பிரேக் ஆயிலில் ஊறப்போட்டு நான் அடித்த பழைய பெயின்டை உரித்திருக்கிறார், நான் அடித்தது இரும்புக் கேட்டுக்கு அடிக்கிற சிவப்பு, பிரஷ் கோடு கோடாகத் தெரியும், அதை எடுத்துவிட்டு நீலம் அடித்து, அதுவும் ஸ்பிரேயில், ஒரு தூசி இல்லை, கூரை உடைந்த இடம் எது என்று விரலால் தடவிப் பார்த்தும் எனக்கே பிடிபடவில்லை. மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தபோது ஒரு டப்பாவிலிருந்து பஞ்சை விலக்கி எடுத்து மேசையில் வைத்தார், "பாருங்க மாமா, கண்ணாடியில ஒரே ஒரு கைரேகை இருந்தா நான் மீசையை எடுத்துடறேன்" என்றார். கண்ணாடியைப் பார்க்கவா எனக்குக் கண் போகும், உள்ளேதான் போனது. "இன்னொரு ஸ்டியரிங் எங்க மாப்பிள்ளை?" என்றேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் மனைவியைப் பார்த்தார். மனைவி தண்ணீர் எடுக்கப் போனாள், தண்ணீர் மேசையிலேயே இருந்தது. என் மகள்தான் முந்திக்கொண்டாள், "அப்பா, பஸ்ஸுக்கே ஒரு ஸ்டியரிங்தான்ப்பா, உங்க காருக்கு எதுக்கு ரெண்டு, ஒன்னு கோபத்துல ஓட்டவா?" என்று சிரித்தாள். புருஷன் வீட்டுக்குப் போன பிறகு நாக்கு ஒரு முழம் வளர்ந்துவிட்டது. அவர்கள் கிளம்பும்போது போய்ட்டு வாங்க என்றேன், அவ்வளவுதான்.

இப்போது கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அடிப்பாகத்தையும் மேல்பாகத்தையும் நெம்பிப் பிரித்தாகிவிட்டது, முன்பலகையில் அவர் ஓட்டையை அடைத்த இடம் தெரிகிறது, மாவு வைத்து அடைத்துத் தேய்த்து மேலே கறுப்படித்து, எவ்வளவு அக்கறை பாருங்கள், அழிப்பதற்கு. ஊசியைச் சுட வைத்துக் குத்தினேன், நுழைந்துவிட்டது, இனி ஸ்டியரிங்தான். உடைந்த கார்களின் சாமான் போட்டு வைத்த டப்பாவில் தேடிக்கொண்டிருக்கிறேன், சக்கரம், பம்பர், சீட்டு, ஒற்றைக் கதவு, எல்லாம் இருக்கிறது, ஸ்டியரிங் மட்டும்... பழைய ஸ்டியரிங்கையாவது திருப்பிக் கொடுத்தாரா, அதுவும் இல்லை. உடம்பு கெஞ்சுகிறது, வாரம் முழுக்க கிடங்கில் லாரியிலிருந்து இறக்கி, லாரியில் ஏற்றி, ஒரு நாள் கிடைக்கிற லீவில் படுக்கலாம் என்றால் இந்த வயிற்றெரிச்சல். இந்தக் கார்கூட அந்தக் கிடங்கிலிருந்து வந்ததுதான், பெட்டி நசுங்கிப்போனது, தூக்கிப் போடு என்றார் மேஸ்திரி, நான் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அப்போது எனக்கு எழுத்து தெரியாது. கையெழுத்து கேட்டால் கட்டை விரலை நீட்டுகிற ஆள். பெட்டிக்குள் ஒரு தாள் இருந்தது, படமும் எழுத்துமாக, எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து ஒட்டினேன், என் மனைவியின் நகவெட்டியால் நறுக்கி, தீக்குச்சியால் பசை தொட்டு, அவள் பக்கத்தில் உட்கார்ந்து பாகத்தை எடுத்துக் கொடுத்தாள், மகள் தொட்டிலில். சட்டத்தில் ஸ்டியரிங் இரண்டு இருந்தது. பலகையில் ஓட்டை இரண்டு இருந்தது, வலது பக்கம் ஒன்று, இடது பக்கம் ஒன்று. இரண்டு ஸ்டியரிங், இரண்டு ஓட்டை, நீங்களே சொல்லுங்கள், எந்த மனிதனாக இருந்தாலும் என்ன செய்வான்?

அப்போது அவள் சொன்னாள், உனக்கு ஒன்னு, எனக்கு ஒன்னு என்று. அந்த ஒரு வார்த்தைக்காகத்தானே, அதற்காகத்தானே இந்தக் காரை இத்தனை வீடு மாறியும் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன். பிறகு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில், சங்கத்து ஆபீஸில் மாலை வகுப்பு நடத்தினார்களே, அங்கே போய் எழுத்து படித்தேன், படித்த கையோடு அந்தத் தாளைத்தான் எடுத்துப் பார்த்தேன், பல மொழியில் அச்சடித்திருந்தது, மூலையில் எனக்குத் தெரிந்த எழுத்தும் இருந்தது. உங்கள் நாட்டு வழக்கப்படி வலது பக்கமோ இடது பக்கமோ ஸ்டியரிங் ஒன்றை மட்டும் பொருத்தவும், மற்ற ஓட்டையை அடைக்கவும். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்து முடித்ததும் என்ன சிரிப்பு வந்தது தெரியுமா, தாள் எழுதியவனுக்கு என்ன தெரியும், என் வீட்டு வண்டிக்கு டிரைவர் இரண்டு பேர் என்று. யார் வந்தாலும் காட்டுவேன், இங்க பாருங்க, எங்க வீட்டுக்காரி சொன்னா, உனக்கு ஒன்னு எனக்கு ஒன்னுன்னு, அதான் ரெண்டு வச்சேன். விழுந்து விழுந்து சிரிப்பார்கள். கூட மூட்டை தூக்குகிற சொட்டை ஒவ்வொரு தடவையும் கேட்பான், "என்ன அண்ணி, எப்ப லைசென்ஸ் எடுக்கப் போறீங்க?" என்று. மாடி வீட்டுக்காரி ஸ்கூட்டர் பழகினபோது இவளும் ஒரு நாள் கேட்டாள், நானும் பழகட்டுமா என்று, நான் என்ன திட்டினேனா, அடித்தேனா, உனக்குத்தான் வண்டி இருக்கே, அலமாரியில, இடது பக்கம் உட்கார்ந்து ஓட்டு என்றேன், அன்றைக்குச் சொட்டை சிரித்த சிரிப்பில் புரையேறிவிட்டது, இவளும்... இவள் உள்ளே போய்ப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள் என்று நினைக்கிறேன்.

கிடைத்துவிட்டது, டப்பாவின் அடியில், டாக்சி ஒன்றின் ஸ்டியரிங், கொஞ்சம் பெரிசு, பரவாயில்லை. இவளிடம் சொல்ல வேண்டும். அடுத்த அறையில் கட்டிலில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள், இங்கிருந்தே குரல் கொடுத்தேன்.

"உன் ஸ்டியரிங்கைத்தான் புடுங்கிட்டாரு உன் மாப்பிள்ளை, உனக்குக் கொஞ்சமாவது சூடு வருதா பாரு."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றாள். குரல் உயரவில்லை, அரிசி தீர்ந்துவிட்டது என்று சொல்வாளே, அதே குரல்.

"நீயா?"

"ஆமாங்க. ஒன்னை எடுக்கணும் அத்தை, எடுக்கட்டுமான்னு போன்ல கேட்டாரு. எடுங்கன்னேன்."

எனக்குக் காதெல்லாம் கொதித்தது. ஆக, பேசி வைத்துக்கொண்டு, மாமியாரும் மருமகனும், என் மகளும்கூடவா, நான் ஒருவன்தான் இந்த வீட்டில் வெளியாள். "யாரைக் கேட்டு? நீ சொன்ன வார்த்தைக்காக வச்சது அது. நீதானே சொன்ன, ஆளுக்கு ஒன்னுன்னு!"

துணி உதறுகிற சத்தம் நின்றது. "நானா?" என்றாள். "நான் எங்கங்க அப்படிச் சொன்னேன்? எதுக்கு ரெண்டுன்னுதான் கேட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம். நீங்க பசையைத் தொட்டு வச்சிட்டீங்க. நல்ல சந்தோஷத்துல இருந்தீங்க, விட்டுட்டேன்." துணி மறுபடி உதறப்பட்டது. "வர்றவங்க போறவங்க எல்லாம் சிரிச்சாச்சு. போதும்னு தோணுச்சு."

இதென்ன அநியாயம், இதென்ன பேச்சு, நான் என்ன புத்தி கெட்டவனா, என் காதால் கேட்டது, ஒரு நாளா இரண்டு நாளா, எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறேன், வயதாகிவிட்டது இவளுக்கு, மறந்துவிட்டாள், அல்லது மகள் ஏற்றிவிட்டிருக்கிறாள், போதுமாம், என்ன போதும், யார் என்ன செய்துவிட்டார்கள் இவளை... நான் ஒட்டத்தான் போகிறேன். இடுக்கியில் ஸ்டியரிங்கைப் பிடித்துத் தண்டில் பசை தொட்டாயிற்று, இந்தப் பசை காத்திருக்காது, பிளாஸ்டிக்கையே இளக்கிவிடும், உடனே வைக்க வேண்டும். அந்தச் சாயங்காலம் எனக்கு அப்படியே கண்முன் இருக்கிறது, குண்டு பல்பு, தொட்டில் ஆடுகிற சத்தம், அவள் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள், உள்ளங்கையில் அந்தக் குட்டி ஸ்டியரிங், என்னைப் பார்த்து, அவள் வாயாலேயே, உனக்கு ஒன்னு...

உனக்கு.

இல்லை, வேகத்தில் தப்பாகச் சொல்லிவிட்டேன், மறுபடி. அவள் என்னைப் பார்த்து, உங்களுக்கு ஒன்னு, எனக்கு... இல்லையே, அப்படி இல்லையே, அந்த வாக்கியம் அப்படி வராதே, நான் சொல்லிச் சொல்லித் தேய்ந்த வாக்கியமாயிற்றே, சொட்டையிடம், மேஸ்திரியிடம், மாப்பிள்ளை பெண் பார்க்க வந்த அன்றுகூட, உனக்கு ஒன்னு எனக்கு ஒன்னுன்னு சொன்னா என்றுதானே... கல்யாணமான நாளிலிருந்து ஒரு தடவை, சண்டையில், காய்ச்சலில், பிரசவ வலியில் கத்தினபோது, எப்போதாவது, இவள் என்னை நீ என்று, உனக்கு என்று...

இடுக்கி நுனியில் ஸ்டியரிங் வளையத் தொடங்கியிருக்கிறது. வைக்க வேண்டும். உள்ளே அவள் பாவாடையையோ தலையணை உறையையோ நீவி நீவி மடிக்கிற சத்தம், அப்படியானால் அந்தப் பதிலை அன்றைக்கு யார்...